இருதயத்துக்கு ஒரு கிளாஸ் மாதுளை

ஜூஸ் கடை என்றால் பழத்தைப் பிழிந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் எல்லாரும் இதுவரை ஜூஸ் கடை வைக்காதவர்கள். பிழிவது கால் பங்கு வேலைதான். மிச்சமெல்லாம் காது கொடுக்கிற வேலை. யாருக்கு எந்த ரத்தக் குழாய் அடைத்தது, யாருக்கு பிரஷர் ஏறியது, எந்த டாக்டர் யாரைத் திட்டினார், எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை வாசலை ஒட்டி நின்றுகொண்டு இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அரை டாக்டர் பட்டம் கொடுக்கலாம். கடை வைத்துப் பிழைக்கிற என் சக பாவிகளே, நீங்களும் இதையெல்லாம் பட்டிருப்பீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கடை ஆரம்பித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் குணசேகரன் கிள்ளானில் ஒரு லோரிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். ஒரு நாள் வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். லோரி வேலை போதும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஆனால் மனிதருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வீட்டில் படுத்துக்கொண்டே கைப்பேசியில் வருகிற வீடியோவையெல்லாம் பார்த்தார். மாதுளை, கருந்திராட்சை, டிராகன் பழம், பீட்ரூட் என்று சிவப்பாக இருக்கிற எல்லாவற்றின் மேலும் அவருக்குக் காதல் வந்துவிட்டது. "ஆன்டிஆக்ஸிடன்ட் பத்மா, ஆன்டிஆக்ஸிடன்ட்!" என்று மந்திரம் மாதிரி சொல்ல ஆரம்பித்தார்.

அது என்ன என்று கேட்டால் உடனே விளக்கம் வரும். "லோரி துரு பிடிக்குதுல்ல? அதே மாதிரி நம்ம ரத்தக் குழாயும் உள்ளுக்குள்ள துரு பிடிக்குது. இந்தப் பழச்சாறு இருக்கே, அது பெயின்ட் அடிச்ச மாதிரி." இப்படித்தான் கடை வந்தது. கடைக்கு மேலே 'உங்கள் இருதயத்தின் நண்பன்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டும் வந்தது. அவர் முன்னால் நின்று பேசுவார், நான் பின்னால் நின்று பிழிவேன். இருபது வருஷக் குடித்தனத்தில் இதைவிடச் சரியான வேலைப் பங்கீடு எங்களுக்கு அமைந்ததில்லை.

மட்டனுக்குப் பரிகாரம்

மத்தியானம் பக்கத்துக் கடையில் இலை போட்டுச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் நேராக எங்களிடம் வருவார்கள். வரும்போதே ஒரு குற்ற உணர்ச்சி முகத்தில் தெரியும். மட்டன் பெரட்டல், பொரித்த கோழி, அதன் மேல் மீன் முட்டை, கடைசியில் பாயாசம் என்று ஒரு பிடி பிடித்திருப்பார்கள். பிறகு எங்கள் போர்டைப் பார்த்ததும் திடீரென்று இருதயம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிற பாலா இந்த வகையில் முதல் ஆள். நல்ல பிள்ளை, நல்ல தொப்பை. மாதுளையைக் குடித்து முடித்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "உள்ள போய்க் கழுவிடுச்சு அக்கா, எனக்கே தெரியுது" என்பார். "என்னத்தைக் கழுவுது? உள்ள என்ன சிங்க்கா வச்சிருக்கு?" என்று கேட்டேன். "மட்டனைக் குறைச்சுட்டு ஜூஸ் குடிச்சா அது ஆரோக்கியம். மட்டனை ஏத்திட்டு ஜூஸ் குடிச்சா அது வெறும் சிகப்புத் தண்ணி" என்றும் சொல்லிப் பார்த்தேன். ரொம்ப கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறு நாள் அதே நேரத்துக்கு, அதே ஏப்பத்தோடு வந்து நின்றார்.

"அக்கா, இன்னிக்கு மட்டன் ரெண்டு பிளேட் ஆயிடுச்சு. மாதுளையும் ரெண்டாப் போட்டுடுங்க, சரியாப் போயிடும்லா."

சீனி வேண்டாம்

கிள்ளானிலிருந்து ரயில் ஏறிப் புடவை எடுக்க வருகிற ஆன்டி ஒருத்தர் இருக்கிறார். வாசலில் கால் வைக்கும்போதே, "எம்மா, சீனி போடாத, எனக்கு இனிப்பு நீர் இருக்கு" என்று தெருவுக்கே அறிவிப்பார். சரி என்று கருந்திராட்சையைச் சீனி இல்லாமல் அடித்துக் கொடுப்பேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். "புளிக்குதே, கொஞ்சம் சூசு ஊத்து" என்பார். சூசு என்றால் வெறும் பால் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் கை காட்டுவது டின் பாலை. டின் பாலில் இருப்பது பாதிக்கு மேல் சீனிதான் ஆன்டி என்றால், "அது பால்தானே" என்று என்னைப் பாவம் மாதிரி பார்ப்பார்.

ஒரு நாள் நான் பிடிவாதமாக டின் பாலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஆன்டி கோபப்படவே இல்லை. பொறுமையாகச் சுற்றிலும் பார்த்தார். ஐஸ் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு கரண்டி ஐஸ்கிரீம் போடச் சொன்னார். "ஆன்டி, உங்க டாக்டர் என்னதான் சொன்னாரு?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் கூலாகச் சொன்னார்.

"சீனியைத்தாம்மா அவரு வேணாம்னாரு. ஐஸ்கிரீமைப் பத்தி அவரு வாயே திறக்கல."

பம்ப்ளிமாஸ் மூட்டை

சீனப் பெருநாள் முடிந்ததும் பம்ப்ளிமாஸ் பழம் மலிவாக வரும். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே மூட்டை மூட்டையாக வாங்கி வந்து இறக்கிவிட்டார். 'கொலஸ்ட்ரோலுக்குக் குட்பை' என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவும் விட்டார். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தோல் உரித்து உரித்து என் விரல் நகமெல்லாம் எரிந்தது.

அப்போதுதான் மிஸ் லிம் வந்தார். பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் மருந்தாளர். பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் நம்மைவிட நன்றாகச் சண்டை போடுவார். அட்டையைப் படித்ததும் அவருக்குச் சிரிப்புப் போய்விட்டது. சில கொலஸ்ட்ரோல் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பழத்தைச் சாப்பிட்டால் மாத்திரை உடம்பில் அளவுக்கு மேல் தங்கிவிடுமாம், தசை வலியெல்லாம் வருமாம். "கொலஸ்ட்ரோல் இருக்கிறவங்களைத்தானே கூப்பிட்டு எழுதியிருக்கீங்க? அவங்கதானே மாத்திரையும் சாப்பிடுவாங்க? முதல்ல என்ன மாத்திரைன்னு கேளுங்க, தெரியலன்னா என்கிட்ட அனுப்புங்க" என்றார். எங்கள் வீட்டுக்காரர் மூஞ்சி சுருங்கிவிட்டது. இவ்வளவு நல்ல பழத்துக்கு இப்படி ஒரு கெட்ட பேரா என்று கேட்டார்.

"பழமும் நல்லதுதான் அண்ணே, மாத்திரையும் நல்லதுதான். ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது. நானும் என் மாமியாரும் மாதிரி."

பெலிம்பிங் கேட்டவர்

பெலிம்பிங் பழத்தைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்த ஜூஸைக் குடித்தால் பிரஷர் இறங்கும் என்று இந்த ஊரில் எல்லா இனத்துக்காரர்களும் ஒற்றுமையாக நம்புகிறார்கள். ஒரு நாள் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, பெரிய கிளாஸில் ஒன்று கேட்டார். காசு எடுக்கக் கையை மடக்கும்போது சட்டை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே பிளாஸ்திரி ஒட்டி, நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களின் கையைப் பார்த்துப் பழகியவள் நான். எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பம்ப்ளிமாஸ் சண்டைக்குப் பிறகு மிஸ் லிம்மிடம் எந்தப் பழம் யாருக்கு ஆகாது என்று பாடமே கேட்டிருந்தேன். கிட்னி போனவர்களுக்கு பெலிம்பிங் விஷம் என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

"உங்களுக்கு இது தர மாட்டேன் அண்ணே" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காசு குடுத்துதானே கேட்குறேன்? என் மச்சினிச்சி குடிச்சு பிரஷர் இறங்கிடுச்சு" என்றார். "உங்க மச்சினிச்சிக்குக் கிட்னி இருக்கு அண்ணே!" என்று நானும் கத்திவிட்டேன். சாப்பாட்டுக் கடையில் இலையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விடுவிடுவென்று போய்விட்டார். வாடிக்கையை விரட்டிவிட்டாயே என்று எங்கள் வீட்டுக்காரர் புலம்பினார். எனக்கும் மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அதே ஆள் வந்து, தண்ணீர் போத்தல் ஒன்று மட்டும் சின்னதாக வாங்கிக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி நின்றார்.

"நர்ஸ்கிட்ட போயி உங்களைப் பத்திக் குறை சொன்னேன் அக்கா. அந்தப் பொண்ணு என்னைத் திட்டுன திட்டுக்கு நீங்க திட்டுனதெல்லாம் தாலாட்டு."

திருச்சிக்கு ஒரு திட்டு

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கத் திருச்சியிலிருந்து வந்த தம்பி ஒருவர், பெயர் கார்த்திக். தினமும் பீட்ரூட்டும் ஆப்பிளும் கலந்து வாங்குவார். பெலிம்பிங் சண்டை நடந்த அன்று அவரும் வரிசையில் நின்றிருந்தார் போலிருக்கிறது. ஒரு நாள் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். திரையில் அவருடைய அப்பா, பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். ஊரில் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் மாதுளை ஜூஸிலேயே காலம் தள்ளுகிறாராம். மகன் சொல்லி எடுபடவில்லை. "அக்கா, அன்னைக்கு அந்த ஆளைத் திட்டுனீங்கள்ல, அதே மாதிரி எங்கப்பாவை ஒரு தடவை திட்டுங்க, பிளீஸ்" என்றார்.

இதைவிடச் சுகமான வேலை யாருக்குக் கிடைக்கும்? கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன். "ஐயா, ஜூஸ் விக்கிறவ நானே சொல்றேன், மாத்திரையை ஜூஸுக்காக விட்டா அது முட்டாள்தனம். நீங்க அங்க படுத்துட்டா இந்தப் புள்ள இங்கேருந்து எப்படி ஓடி வரும்? பிளேன் டிக்கெட் என்ன பஸ் டிக்கெட்டா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். பேசிக்கொண்டே இருக்கும்போது, எப்போதும் நடுவில் புகுந்து துருக் கதை சொல்கிற எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குப் பழத்தட்டைத் துடைத்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருச்சிக்காரர் எல்லாவற்றையும் அடக்கமாகக் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, என் பொண்டாட்டிகூட இந்தப் போடு போட்டதில்ல. உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காருல்ல?"

ஆட்டுக்கார வேலு

நன்றாக இருக்கிறார் என்றுதான் நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் கடையில் பழம் பிழிந்த சக்கையைக் குப்பையில் போடுவதில்லை. காஜாங் பக்கம் ஆடு வளர்க்கிற வேலு என்பவர் மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் வேனில் வந்து வாளியோடு எடுத்துப் போவார். மாதுளைச் சக்கை, ஆப்பிள் சக்கை, கேரட் தோல் எல்லாம் அவருடைய ஆடுகளுக்கு விருந்து. ஒரு முறை சக்கையில் ஸ்ட்ரோ கலந்து ஒரு ஆட்டுக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அதிலிருந்து வாளிக்குள் கையை விட்டு அலசிப் பார்த்துத்தான் வேனில் ஏற்றுவார். அன்றைக்கு அலசிக்கொண்டிருந்தவர் ஒரு டிஷ்யூப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். சிவப்புச் சாறில் நனைந்திருந்தது. பிரித்தால் உள்ளே மாத்திரைகள். இது முதல் தடவை இல்லை, முன்னேயும் கிடைத்தது, யாரோ வாடிக்கைக்காரர் போடுகிறார் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றும் சொன்னார்.

வாடிக்கைக்காரர்தான் என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் அந்த மாத்திரைகளில் ஒன்று பாதியாக வெட்டியிருந்தது. கோணல் மாணலாக, ஒரு ஓரம் உடைந்து. எங்கள் வீட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை பாதிதான். தினமும் விடியற்காலையில் காய் வெட்டுகிற கத்தியால் அதை வெட்டி, மற்ற மாத்திரைகளோடு டப்பாவில் வைத்துக் கொடுப்பவள் நான். கடைக்கு வந்து பசியாறிவிட்டு அவர் அதைப் போட்டுக்கொள்வது வழக்கம். போட்டுக்கொள்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலு பாவம், விஷயம் புரியாமல் வாளியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"யாரு மாத்திரை அக்கா இது? நம்ம ஆடுங்களுக்கு நெஞ்சு வலியெல்லாம் கிடையாது."

மாத்திரையும் மானமும்

டிஷ்யூவைக் கையில் பொத்திக்கொண்டு மிஸ் லிம்மிடம் ஓடினேன். பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. ஒன்று பிரஷருக்கு. மற்றவை ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரைகள். அவற்றை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம் என்றார். "நாளைக்குன்னு சொல்லாதீங்க அக்கா, இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்றார். வந்து கடையை மூடினேன். வெட்டி வைத்த பழத்தையெல்லாம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கொடுத்துவிட்டேன். "காடியில ஏறுங்க" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். என் கையில் இருந்த டிஷ்யூவைப் பார்த்ததும் அவர் மறுபேச்சுப் பேசாமல் ஏறிவிட்டார்.

அந்த நேரத்துக்கு வழக்கமான ஜாம். ஒரு அடி நகர்ந்தால் ஒரு யுகம் நிற்கிறோம். நான் வண்டி ஓட்டுகிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "உங்களுக்கு என்ன குறை வச்சேன்? ஏன் இப்படிப் பண்ணீங்க? அந்த நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் பட்டது போதாதா? நீங்க போயிட்டா நான் அந்த பிளெண்டரைக் கட்டிக்கிட்டு அழவா?" என்று கத்தினேன். பக்கத்து லேனில் மோட்டர் சைக்கிளில் நின்றவன் என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக முன்னால் நகர்ந்து போனான். எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஓரக் கண்ணால் அவர் மூச்சு வாங்குகிறாரா, வியர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு சிக்னலில் நின்றபோது வாயைத் திறந்தார். கொஞ்ச நாளைக்கு முன்னால் கல்லாவுக்குப் பின்னால் நின்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வரிசையில் நின்ற ஒருவன் எட்டிப் பார்த்து, 'என்ன பொஸ், உங்க ஜூஸ் உங்களுக்கே வேலை செய்யலையா?' என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு அன்றிலிருந்து நிறுத்திவிட்டார். இவ்வளவு பெரிய கிறுக்குத்தனத்துக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அது அவருக்குச் சின்னக் காரணமாக இல்லை. சிக்னலின் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"மேல அவ்வளவு பெரிய போர்டை மாட்டிட்டு, கீழ நின்னு மாத்திரை முழுங்குறப்ப, நான் ஊரை ஏமாத்துற மாதிரி இருந்துச்சு பத்மா."

டாக்டரம்மாவின் லோரி

கிளினிக்கில் உடனே உள்ளே கூப்பிட்டார்கள். நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பிரஷர் எகிறியிருந்தது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை, வழியில் வருகிற எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். கடைசியில் டாக்டர் என்னையும் உள்ளே வரச் சொன்னார். சின்ன வயசு மலாய்க்காரப் பெண், தலைக்கு இளநீலத்தில் தூடோங் கட்டியிருந்தார். இருதயத்துக்கு இந்த முறை ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம் என்றார். எனக்கு அப்படியே அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்கு உயிர் பிழைத்ததைவிட ஜூஸ் விஷயம்தான் முக்கியம். "அப்படின்னா ஜூஸ் எல்லாம் வேஸ்ட்டா டாக்டர்? ஆன்டிஆக்ஸிடன்ட்டுன்னு சொல்றது பொய்யா?" என்று பாவமாகக் கேட்டார். பொய் இல்லை, பழம் நல்லதுதான், சீனி போடாமல் அளவாகக் குடியுங்கள், முழுப் பழமாகவே சாப்பிட்டால் இன்னும் நல்லது என்றார் டாக்டர். இவர் விடவில்லை. தான் லோரிக் கம்பெனியில் இருந்ததையும், துருவையும், பெயின்ட்டையும் மலாயில் விளக்கினார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். அவர் மலாயில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன்.

"சரி அங்கிள், லோரிக்கு நல்லா பெயின்ட் அடிச்சாச்சுன்னு பிரேக்கைக் கழட்டிப் போட்டுட்டு ரோட்டுல விடுவீங்களா?"

வெறும் தண்ணீர்

மறு நாள் காலை கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஏணியைப் போட்டுப் போர்டைக் கழற்றப் போனார். நான் விடவில்லை. "நண்பன்னுதானே எழுதியிருக்கு, டாக்டர்னு எழுதலையே, இருக்கட்டும் விடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஏணியிலேயே நின்று யோசித்துவிட்டு இறங்கி வந்தார். பசியாறினார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். மாத்திரை டப்பாவைக் கல்லாவுக்கு முன்னால், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தார். ஒரு கிளாஸ் வெந்நீர் ஊற்றினார். வரிசையில் நின்றவர்கள் முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டு முழுங்கினார். முழுங்கி முடித்ததும் என் பக்கம் திரும்பி, ஆ என்று வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கியும் காட்டினார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது, கையில் வெங்காயம்கூட இல்லை சாக்குச் சொல்ல.

இது தினசரி நாடகமாகிவிட்டது. யாராவது கேலி செய்தால் அவரே முந்திக்கொண்டு பிரேக் கதையைச் சொல்லிவிடுகிறார், துருக் கதையைவிட அது நன்றாகவே ஓடுகிறது. வேலைக்குப் போகிற அவசரத்தில் மாத்திரையை மறந்து பையிலேயே வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், இன்னொருவர் கைப்பையிலிருந்து எடுத்தார். ஆளுக்கு ஒரு கிளாஸ் வெந்நீர் கொடுக்க ஆரம்பித்தோம். அதற்குக் காசு வாங்குவதில்லை. முழுங்கிவிட்டுச் சிலர் ஜூஸ் வாங்குவார்கள், பலர் அப்படியே ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். காலையில் பிளெண்டர் ஓடுகிற சத்தத்தைவிடக் கெத்தல் கொதிக்கிற சத்தம்தான் எங்கள் கடையில் அதிகம்.

போன வாரம் எதிர் வரிசைப் புடவைக் கடையில் வேலை பார்க்கிற ஒரு அக்கா வந்தார். வெகுநேரம் தள்ளி நின்று, எங்கள் வீட்டுக்காரர் மாத்திரை போடுவதையும், வாயைத் திறந்து காட்டுவதையும், நான் சரி என்று தலையாட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, யார் காதிலும் விழாமல், கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"அக்கா, நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரட்டா? ஜூஸ் எல்லாம் வேணாம், இதை மட்டும் போட வச்சு விட்டுடுங்க."

ஜூஸுக்கென்று கடை போட்டு வெந்நீருக்குப் பேர் வாங்கியவர்கள் இந்தக் கோலாலம்பூரிலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம்; வியாபாரம் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், ஆள் நன்றாக இருக்கிறார்.